சொல்லிச் செய்யும் சிலை: கேள்வி – பதில்

கே: புது வீட்டுக்கு 4 அடி உயரத்தில் ஒரு மர யாளி செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். முதல் வேலை என்ன? – தேனி

ப: டேப்பை எடுத்து வாசற்படியை அளந்துவிடுங்கள். வீட்டுக்குள் நுழையாத யாளி உங்களுக்கு வேண்டாம்.

உயரம் மட்டும் சொன்னால் சிற்பிக்குப் போதாது. காலைத் தூக்கிப் பாயும் யாளிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விடப் போகிறீர்கள்? சுவரோரமா, கூடத்து நடுவா? சுவரோரம் என்றால் முதுகில் வேலை குறையும், கூலியும் குறையும். நடுக்கூடம் என்றால் வாலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

கே: எந்த ஊருக்குப் போவது? – திண்டுக்கல்

ப: சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை ஒட்டிய அரும்பாவூர். அப்புறம் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரம். மூன்று பகுதி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. அரும்பாவூருக்கு 2020-இல், கள்ளக்குறிச்சிக்கு 2021-இல் கிடைத்தது.

ஒரு பட்டறையைப் பார்த்ததும் முன்பணத்தை நீட்டாதீர்கள். மூன்று பட்டறை ஏறி இறங்குங்கள். முடித்து நிறுத்திய சிலையை விட, பாதியில் நிற்கும் சிலையை உற்றுப் பாருங்கள். முடிந்ததில் வார்னிஷ் பேசும். பாதியில் கை பேசும்.

கே: புவிசார் குறியீடு இருந்தால் சிலை நன்றாக வரும் என்று உத்தரவாதமா? – கரூர்

ப: ஊருக்கு உத்தரவாதம். அந்த ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர் ஒட்டி விற்காமல் தடுப்பது அதன் வேலை. அதை 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நல்ல சிற்பி தன் பெயரை ஒவ்வொரு சிலையிலும் புதுப்பிக்கிறார். அந்த ஆளைத் தேடுங்கள்.

கே: தேக்குதான் மரமாம், மற்றதெல்லாம் விறகாம். என் மைத்துனர் சொல்கிறார். – கும்பகோணம்

ப: மைத்துனர் கதவு செய்திருப்பார், சிலை செய்திருக்க மாட்டார்.

தேக்கு நல்ல மரம், மறுப்பில்லை. இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் சட்டென்று வாய் வைக்காது, காய்ந்தபின் அதிகம் நெளியாது. ஆனால் அகன்ற மார்பும் பரந்த பீடமும் உள்ள சிலைக்கு அந்தச் சுற்றளவில் தேக்குக் கட்டை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலையைக் கேட்டால் சிலையை அரை அடி குறைக்கத் தோன்றும்.

அந்த இடத்தில்தான் வாகையும் தூங்குமூஞ்சியும் வருகின்றன. சாலையோரம் குடை விரித்து, சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி, அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலத்திலிருந்து இங்கே வந்தது. பெருத்த அடிமரம், உளிக்கு இணங்கும் உடம்பு. அரும்பாவூர், தம்மம்பட்டிப் பட்டறைகளில் இதுதான் அன்றாடச் சரக்கு. மா, வேம்பு, அத்தி, மாவிலங்கம் எல்லாவற்றிலும் வேலை நடக்கிறது. மா மலிவு. உளுப்பூச்சிக்கும் அந்தச் செய்தி தெரியும்.

சிலையின் அளவையும் இடத்தையும் சொல்லிவிட்டு, மரத்தைச் சிற்பியிடம் விடுங்கள். மைத்துனரைக் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சந்தனக் கட்டையில் சின்னப் பிள்ளையார். ரகசியமாக வாங்கித் தருகிறேன் என்கிறார் நண்பர். – வேலூர்

ப: நண்பரை மாற்றுங்கள். பில் இல்லாத சந்தனம் வீட்டுக்கு வந்தால் பின்னாலேயே வனத்துறையும் வரும்.

கே: செல்போனில் ஒரு சிலைப் படம் வைத்திருக்கிறேன். அச்சு அசலாக இதேபோல வேண்டும். – கோவை

ப: அந்தப் படத்துக்கு முதுகு இருக்கிறதா? ஒரே படத்தை வைத்துச் சிலை செய்யச் சொன்னால், தெரியாத பாதியைச் சிற்பி தானாகத்தான் கற்பனை செய்ய வேண்டும். அதற்கு முழுச் சிலையையும் அவர் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

இன்னொன்று, அது வேறொரு கலைஞர் படைத்தது என்றால் அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நம் நாட்டில் அதற்குப் பதிப்புரிமை உண்டு. படத்தைக் காட்டுங்கள், 'இந்த நிற்கும் தோரணை பிடித்திருக்கிறது' என்று சொல்லுங்கள், அதோடு போனை மடியில் வையுங்கள்.

கே: அண்ணன் வீட்டுச் சிலை ஆறே மாதத்தில் மார்பில் பிளந்துவிட்டது. சிற்பி ஏமாற்றிவிட்டாரா? – ஈரோடு

ப: அவசரப்படுத்தியது யார் என்று முதலில் அண்ணனைக் கேளுங்கள்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நார்க்குழலுக்குள்ளே கொஞ்சம், குழலின் சுவருக்குள்ளே கொஞ்சம். உள்ளே இருப்பது வற்றும்போது எடை மட்டும் குறையும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் ஊறியது கிளம்பும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும்.

சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நடக்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் ஒரு பங்கு என்றால், வளையத்தைச் சுற்றி ஓடும் திசையில் ஏறத்தாழ இரண்டு பங்கு. நீளவாக்கில் அநேகமாக இல்லை. முழு உருளைக் கட்டையில் இந்தப் பங்காளிச் சண்டை தீரவே தீராது. நடுத்தண்டை நோக்கிப் பிளந்துகொண்டால்தான் மரத்துக்கு நிம்மதி.

நிழலில் காய வைக்க ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் தோராயக் கணக்கு. 12 அங்குலக் கட்டைக்கு எத்தனை ஆண்டு என்று அண்ணனிடமே கணக்குக் கொடுங்கள். அவ்வளவு காலம் யாரும் காத்திருப்பதில்லை. அதனால் கைகாரச் சிற்பி நடுத்தண்டு இல்லாத துண்டாகப் பார்த்து எடுப்பார், அல்லது முதுகைக் குடைந்துவிடுவார்.

ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்து டில்மன் ரீமன்ஷ்னைடர் 1531-இல் மறைந்தவர். லிண்டன் மரத்தில் அவர் செய்த புனிதர்களை முன்னால் நின்று பார்த்தால் கண்ணில் நீர் வரும். பின்னால் போய்ப் பார்த்தால் பல சிலைகளுக்கு முதுகே இல்லை, வெறும் குடைவு. 500 ஆண்டாக அந்த முகங்கள் பிளக்காமல் இருப்பதில் அந்தக் குடைவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நூல் அளவு வெடிப்பு மரத்தின் குணம். அதே மரச் சீவலைப் பசையோடு செருகி மூடிவிடுவார்கள். விரல் நுழையும் வெடிப்பு அவசரத்தின் குணம். அதற்கு மருந்து அண்ணனிடம்தான் இருந்தது.

கே: ஒரு துண்டு மரத்துக்கு இவ்வளவு விலையா? – சென்னை

ப: மரம் மட்டும் வேண்டுமென்றால் மரக்கடைக்குப் போங்கள், கன அடிக்கு இவ்வளவு என்று பில் போட்டுத் தருவார்கள்.

4 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் கட்டை 9 கன அடி. அதில் கணிசமான பகுதி செதுக்காகத் தரையில் விழும். விழுந்ததற்கும் சிற்பி காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார். பிறகு வாய்ச்சி பிடித்து உருவம் கூட்டும் நாட்கள், கொட்டாப்புளியும் உளியுமாகப் போகும் நாட்கள், உப்புத்தாள் தேய்த்தே விரல் தேயும் நாட்கள்.

'மொத்தம் எவ்வளவு' என்று கேட்பதை விட்டு, 'எத்தனை ஆள், எத்தனை நாள்' என்று கேளுங்கள். வந்த விடையை உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் பெருக்கிப் பாருங்கள். பேரம் பேச வாய் வராது.

போலந்தின் கிராக்கோ நகரத்தார் 1477-இல் ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பியிடம் தங்கள் மரியாள் ஆலயத்துக்கு ஒரு மரப் பீடச் சிற்பம் செய்யச் சொன்னார்கள். 1489-இல் முடித்துக் கொடுத்தார். கூலி 2,808 ஃப்ளோரின். சுமார் 13 மீட்டர் உயரம். கொடுத்த காசுக்கு அந்த ஊர் 500 ஆண்டுக்கு மேலாக வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறது.

கே: முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? – நாமக்கல்

ப: மூன்றாகப் பிரியுங்கள். மரம் வாங்க ஒன்று. உருவம் கூட்டியதும் போய்ப் பார்த்துவிட்டு ஒன்று. வீட்டில் இறக்கியதும் ஒன்று. முழுப் பணமும் முதலிலேயே கொடுத்தால் உங்களுக்குத் தூக்கம் போகும். எதுவும் கொடுக்காவிட்டால் சிற்பி கடன் வாங்கி மரம் வாங்குவார், அவருக்குத் தூக்கம் போகும்.

அளவு, மரம், பூச்சு, தேதி, வண்டிக்கூலி யார் தலையில் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டிக்கூலியை மறக்கிறவர்கள்தான் அதிகம். சண்டையும் அங்கேதான் அதிகம்.

கே: தை மாதம் பையன் கல்யாணம். இப்போது மார்கழி. ஆளுயர வரவேற்புப் பாவை கிடைக்குமா? – விருதுநகர்

ப: அடுத்த பையன் கல்யாணத்துக்குக் கிடைக்கும்.

கே: மறைந்த அப்பாவின் மார்பளவுச் சிலை வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் போட்டோ. – தூத்துக்குடி

ப: பாஸ்போர்ட் போட்டோவில் யாரும் தானாக இருப்பதில்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள், பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம் மூன்றும் தேடுங்கள். நெற்றி எவ்வளவு சரிகிறது, கழுத்து எங்கே வளைகிறது என்பதைப் பக்கவாட்டுப் படம்தான் சொல்லும். சித்தப்பா இருந்தால் சிற்பியின் முன்னால் உட்கார வையுங்கள். மூக்கெலும்பு குடும்பச் சொத்து.

மரத்தில் கை வைக்கும் முன் களிமண்ணில் முகம் செய்யச் சொல்லி, அம்மாவை அழைத்துப் போய்க் காட்டுங்கள். 'வாய் இப்படி இருக்காதேப்பா' என்று அம்மா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எகிப்தின் சக்காராவில் 1860-இல் ஒரு மரச்சிலையைத் தோண்டி எடுத்தார்கள். கா-அபெர் என்ற பூசாரியின் சிலை. வயது சுமார் 4,500. மரம் நம் அத்திக்கு உறவு. தோண்டிய ஆட்கள் முகத்தைப் பார்த்ததும், அச்சாகத் தங்கள் ஊர்த் தலைவர் என்று சொல்லிவிட்டார்கள். 'ஷேக் எல்-பெலெத்', ஊர்த் தலைவர் என்ற பெயரே இன்றுவரை அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு மனிதரின் முகத்தை மரத்தில் பிடிப்பது என்றால் அப்படிப் பிடிக்க வேண்டும். உங்கள் சிற்பியிடம் இதைச் சொல்லுங்கள், அப்பாவைப் பற்றியும் நிறையச் சொல்லுங்கள். அவர் எப்படிச் சிரிப்பார் என்று தெரியாதவரால் அவர் வாயைச் செதுக்க முடியாது.

கே: ஒரே கட்டையில் செய்ததுதான் உயர்ந்த சிலை, ஒட்டுப் போட்டது மட்டம். சரியா? – திருநெல்வேலி

ப: அதே கா-அபெரின் கைகள் தனியாகச் செய்து பொருத்தியவை. அவரைப் போய் மட்டம் என்பீர்களா?

நீட்டிய கையை ஒரே கட்டையில் எடுத்தால் நார் குறுக்கே ஓடும். பேரப்பிள்ளை ஒரு நாள் தொங்கினால் கை தனியே வந்துவிடும். கையின் நீளத்தோடு நார் ஓடும்படி தனிக் கட்டை எடுத்து, முளை அடித்து இணைப்பது தேர்ந்த வேலை. ஒட்டியதைச் சொல்லாமல் மறைத்தால்தான் கோபப்படுங்கள்.

கே: பிள்ளையாரைத் தொப்பை இல்லாமல், ஜிம் உடம்போடு செய்யச் சொல்லலாமா? – பெங்களூரு

ப: சிற்ப நூல் அவருக்கு வகுத்த உயரம் 5 தாலம். தாலம் என்பது சிலையின் முக நீளத்தை வைத்துப் போடும் கணக்கு. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தச தாலம், அதாவது பத்துத் தாலம் என்றால் 124 அங்குலம். இந்த அங்குலத்தை ஸ்கேலில் தேடாதீர்கள், சிலையின் மொத்த உயரத்தைப் பங்கு போட்டு எடுப்பது. அதனால்தான் அரையடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் கணக்கு மாறுவதில்லை.

பிள்ளையாரைப் பத்துத் தாலத்துக்கு இழுத்தால் யானை முகத்தோடு வேறு யாரோ வந்து நிற்பார். ஜிம் உடம்புதான் வேண்டுமென்றால் அனுமாரைச் சொல்லுங்கள், அவர் தயாராக இருக்கிறார்.

கே: மரச்சிலையைப் பூஜையில் வைக்கலாமா? கல்லும் பஞ்சலோகமும்தானே முறை? – மயிலாடுதுறை

ப: காஞ்சிபுரத்தில் போய்க் கேளுங்கள். அத்தி வரதர் அத்தி மரம்தான். 1979-க்குப் பிறகு 2019-இல் குளத்திலிருந்து எழுந்தருளியபோது ஊரே தாங்காத கூட்டம். பூரி ஜகந்நாதர் வேப்பமரம். 1996-லும் 2015-லும் அவருக்குப் புது உடல் செய்தார்கள்.

வீட்டில் வைப்பதானால் அபிஷேகம் மட்டும் வேண்டாம். வரதர் குளத்துக்குள்ளேயே இருக்கிறாரே என்பீர்கள். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மரத்துக்குள் காற்று புகாது, பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்றால் மரம் தாங்காது. பூப் போடுங்கள், கும்பிடுங்கள், பாலை நீங்கள் குடியுங்கள்.

கே: கம்ப்யூட்டர் மெஷினே செதுக்கித் தருகிறதாமே. கை வேலை எதற்கு? – திருப்பூர்

ப: கதவுப் பலகைக்கு மெஷின் நன்றாகச் செய்யும், வஞ்சகமில்லை. பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் மெஷின் மேலிருந்து கீழே இறங்கி வெட்டும். தாமரை இதழுக்கு அடியில், தொங்கும் மாலைக்குப் பின்னால், தும்பிக்கை வளைவுக்குள் அதன் முனை போகாது. உளி போகும்.

மெஷினில் வெட்டி, மேலே உப்புத்தாள் தேய்த்துக் கைவேலை என்று விற்கிறார்கள். இதழைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும். மெஷின் சிலையை மெஷின் விலைக்கு வாங்குவதில் தப்பில்லை. கைவேலை விலைக்கு வாங்கினால், நிஜமாகவே கையால் செய்கிறவர் வீட்டு அடுப்பில் அல்லவா தண்ணீர் ஊற்றுகிறோம்!

கே: நிற்கும் லட்சுமி சொல்லியிருந்தோம். பாதி வேலையில் மனைவிக்கு உட்கார்ந்த லட்சுமி வேண்டுமாம். – மதுரை

ப: உட்கார வைக்க மடிக்கு மரம் வேண்டும். அந்த மரம் இப்போது பட்டறைத் தரையில் செதுக்காகக் கிடக்கிறது. ஆசைகளையெல்லாம் களிமண்ணிலும் காகிதத்திலும் தீர்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஒட்டலாம், வெட்டலாம். மரத்தில் வெட்டல் மட்டும்தான்.

கே: பீடத்தில் தன் பெயரைச் செதுக்குவேன் என்கிறார் சிற்பி. காசு கொடுத்தது நான் அல்லவா? – புதுச்சேரி

ப: சிலையை நீங்கள் வாங்கினீர்கள். அதைச் செய்தது அவர்தான் என்ற உண்மையை விலைக்கு வாங்க முடியாது.

சட்டமும் அவர் பக்கம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உரிமை பொதுவாகக் காசு கொடுத்தவருக்கே போகும். அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. எழுதி வாங்கினால் ஒழிய, அதை நகலெடுத்து விற்கும் உரிமை சிற்பியிடமே நிற்கும்.

அதோடு முடியவில்லை. அமர்நாத் சேகல் என்ற சிற்பி டெல்லி விஞ்ஞான் பவனுக்குப் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்து கொடுத்தார். 1979-இல் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், சிதைந்துபோனது. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடு, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடு என்று அரசுக்கே உத்தரவிட்டது. விற்ற பிறகும் படைப்பின் மானம் படைத்தவருடையது.

பெயரைச் செதுக்கட்டும். நன்றாகத் தெரியும்படி, முன்பக்கமே செதுக்கட்டும்.

கே: டொரண்டோவில் இருக்கும் மகளுக்கு ஒரு சிலை அனுப்ப வேண்டும். – யாழ்ப்பாணத்தில் பிறந்து திருச்சியில் வாழ்பவர்

ப: மூன்று சங்கதி, அம்மா. ஈட்டி மரம் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. 10 கிலோவுக்கு மேல் என்றால் காகிதம் கூடும், அதனால் பெரிய சிலைக்கு வேறு மரம் சொல்லுங்கள். இரண்டாவது, சிலையை வைக்கும் மரப்பெட்டி. பூச்சி போகாமலிருக்க அதன் பலகையை உள்நடுவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். பனிக்காலத்தில் அந்த ஊர் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று உலர்ந்து கிடக்கும். நம்மூர் ஈரத்தில் வளர்ந்த மரம் அங்கே போய் மறுபடி சுருங்கும். வெளிநாட்டுக்குப் போகிறது என்று முதல் நாளே சிற்பியிடம் சொல்லுங்கள், மரத்தை இன்னும் நன்றாகக் காய வைப்பார். மகளிடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே என்று சொல்லுங்கள். மகள் கேட்பாள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

கே: சிலைக்கு அடியில் தினமும் மாவு மாவாகக் கொட்டிக் கிடக்கிறது. – தஞ்சாவூர்

ப: உளுப்பூச்சி உள்ளே குடித்தனம் வைத்துவிட்டது. அதற்குப் பிடித்தது மாவுச்சத்துள்ள வெளிமரம். வைரம் பாய்ந்த பகுதியில் அதற்கு ருசியில்லை. சிலை செய்யும்போதே வெளிமரத்தைக் கழித்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்திருந்தால் தொல்லை வந்திருக்காது. இப்போது சிலையைத் தனியாக எடுத்து வைத்து, செய்தவரையே கூப்பிடுங்கள். வார்னிஷ் அடித்து ஓட்டையை மூடினால் பூச்சிக்குக் கதவு பூட்டிக் கொடுத்ததாகும், அவ்வளவுதான்.

கே: நான் சிற்பி. 'ரேட் ப்ளீஸ்' என்று வாட்ஸ்அப் வருகிறது. இரவெல்லாம் வரைந்து அனுப்பினால், அந்த வரைபடத்தை வேறு இடத்தில் காட்டி மலிவாகச் செய்துகொள்கிறார்கள். – அரும்பாவூர்

ப: வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் வையுங்கள். ஆர்டர் கொடுத்தால் சிலைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். காசு வரும்வரை பழைய வேலைகளின் படத்தை மட்டும் காட்டுங்கள். வக்கீலுக்கும் வைத்தியருக்கும் ஆலோசனைக் காசு கொடுக்கிறவர்கள் உங்களுக்கும் கொடுக்கட்டும். கொடுக்க மனமில்லாதவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, தம்பி. அந்த இரவில் தூங்குங்கள், மறுநாள் உளி பிடிக்க வேண்டும்.

கே: நாளைக்குச் சிலை வீட்டுக்கு வருகிறது. சிற்பியும் உடன் வருகிறார். அவருக்கு என்ன கொடுத்து மரியாதை செய்யலாம்? வேட்டியா, சால்வையா? – சிவகங்கை

ப: மீதிப் பணம். சாப்பாட்டுக்கு முன்னால்.